கதவின் சாவி இப்போது ஒரு தகரப் பெட்டிக்குள்





மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், கஅபாவின் சாவி உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களின் குடும்பத்தார் வசம் இருந்தது. அதைப் பெற்றுக் கதவைத் திறந்து உள்ளே சென்று வந்த நபி (ஸல்) அவர்கள், பிறர் அப்பொறுப்பைத் தமக்குக் கேட்டபோதும் சாவியை அவரிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் சேர்க்குமாறு கட்டளையிடும் அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும் இடத்தில் விரிவுரையாளர்கள் பலர் இந்நிகழ்வைக் குறிப்பிடுகின்றனர். அந்தப் பனூ ஷைபா குடும்பத்தாரிடமே இன்றளவும் கஅபாவின் சாவி இருந்து வருகிறது.

பாடம் நடத்தும்போது இந்நிகழ்வை மாணவர்களிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். சாவி என்பது ஒரு மனிதரின் கையில் இருப்பது, அவரிடம் கேட்டால் பதில் கிடைக்கும் என்பதே அப்போதெல்லாம் என் மனத்தில் இருந்த சித்திரம். இன்று நம் வட்டாரத்தில் விடுதிகள், மருத்துவமனைகள், வங்கிகள், சில இடங்களில் மதரஸாக்களிலும்கூட, சாவி ஒருவர் கையிலும் இல்லை. கதவருகே அட்டையைக் காட்டுகிறோம், விரலை வைக்கிறோம், பச்சை விளக்கு எரிகிறது, கதவு விடுபடுகிறது. அனுமதியைத் தீர்மானிப்பது எங்கோ ஓர் அறையின் சுவரில் மாட்டப்பட்ட தகரப் பெட்டி. அதற்கு 'ஆக்சஸ் கன்ட்ரோல் பேனல்' என்று பெயர். சாவி அதற்குள் போய்விட்டதென்றால் அமானிதமும் அதனுடன் உள்ளே போய்விட்டது என்றுதானே பொருள்? அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் மின்பணி கற்றவனல்லன். இஸ்லாமியக் கல்வியில் பட்டயம் பெற்று, தாமிரபரணிக் கரையிலுள்ள ஊரொன்றில் ஹிஃப்ளு மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன். எங்கள் விடுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் தங்கி ஓதுகின்றனர். ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. நெல்லைப் பிள்ளைகளுக்கு ஆற்றைக் கண்டால் கால் நிற்காது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படித்துறையில் இடுப்பளவு நீர் இருக்கும். மணல் அள்ளிய பள்ளம் அதற்கு நாலடி தள்ளி இருக்கும். மேலே தெளிந்த நீர்தான் தெரியும். அஸருக்குப் பின் இரண்டு பிள்ளைகள் சொல்லாமல் குளிக்கச் சென்ற ஒரு நாளில் நிர்வாகத்தார் அஞ்சிப் போனார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதன் பின்னரே வெளியூரிலிருந்து ஒரு நிறுவனத்தாரை அழைத்து, விடுதிக் கதவில் காந்தப் பூட்டு பொருத்தினார்கள். உள்ளே வருவதற்கும் அட்டை வேண்டும். வெளியே செல்வதற்கும் அட்டை வேண்டும். அட்டை வார்டனிடமும் ஆசிரியர்களிடமும் மட்டும் இருக்கும். வார்டனின் மேசையருகில் ஒரு பொத்தானும் வைத்தார்கள்.

இந்தக் காந்தப் பூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கதவின் மேல் நிலையில் ஒரு மின்காந்தமும் கதவில் ஓர் இரும்புத் தகடும் இருக்கும். மின்சாரம் பாயும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைகளில் பரவலாக விற்கப்படும் சிறிய வகையே 280 கிலோ இழுவையைத் தாங்கக்கூடியது. அதாவது, நான்கைந்து சிறுவர்கள் சேர்ந்து இழுத்தாலும் அசையாது. மின்சாரம் நின்றால் மறுகணமே கதவு விடுபடும். இதனால்தான் மனிதர்கள் வெளியேறும் கதவுகளுக்கு இது ஏற்றது என்கிறார்கள். மின்சாரம் நின்றாலும் பூட்டியே இருக்கும் மற்றொரு வகையும் உண்டு. பணப்பெட்டி இருக்கும் அறைக்கும் கோப்புகள் இருக்கும் அறைக்கும் அது பொருந்தும். பிள்ளைகள் உறங்கும் அறைக்கு எக்காலத்திலும் பொருந்தாது. (பொறியமைப்புள்ள பூட்டு நமக்குப் புதியதன்று. வட்டுகளைச் சுழற்றித் திறக்கும் பூட்டொன்றை அல்ஜஸரீ தமது 1206ஆம் ஆண்டின் இயந்திரவியல் நூலில் விவரித்திருக்கிறார்.)

பூட்டுப் பொருத்திச் சில மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் ஃபஜ்ருக்கு முன் வார்டன் அட்டையைக் காட்டினார். ஒலி எழுந்தது, பச்சை விளக்கும் எரிந்தது, கதவு மட்டும் விடவில்லை. பொத்தானை அழுத்தினார், பயனில்லை. மின்சாரத்தை நிறுத்தினால் காந்தம் விட்டுவிடும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மெயினை அணைத்தார். அப்போதும் கதவு விடவில்லை. இருளில் நாற்பது பிள்ளைகள் ஒளூச் செய்து தொப்பி அணிந்து கதவருகில் நின்றார்கள். பேனலின் சிறு சாவி நிர்வாகி ஒருவரின் வீட்டில் இருந்தது. அவர் வந்து, சன்னல் வழியே அதைக் கொடுத்து, வார்டன் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்த ஒரு கம்பியைப் பிடித்து இழுத்த பிறகே கதவு திறந்தது. இருபது நிமிடங்கள் ஆகிவிட்டன. அல்ஹம்துலில்லாஹ், அன்று நாங்கள் தவறவிட்டது ஜமாஅத்தின் முதல் ரக்அத்தை மட்டும்தான்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வளைகுடா நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தகைய பேனல்களைப் பொருத்தும் பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். அன்று மாலையே அழைத்தேன். பெட்டியைத் திறந்தவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஹஜ்ரத், இத யாரும் படிக்க முடியாது" என்றார்.

'படிக்க' என்று அவர் சொன்னது என்னைக் கவர்ந்தது. உண்மையில் அப்பெட்டிக்குள் இருந்தது கம்பிகளின் கூளம். எல்லாக் கம்பிகளும் ஒரே சாம்பல் நிறம். எது கதவுக்குப் போவது, எது அட்டை வாசிப்பானுக்குப் போவது என்ற அடையாளம் ஒன்றிலும் இல்லை. வீட்டு மின்சாரமான 230 வோல்ட் கம்பியும், 12 வோல்ட் பூட்டுக் கம்பியும், அட்டையின் எண்ணைக் கொண்டுவரும் மெல்லிய கம்பியும் ஒரே துளை வழியாக நுழைந்து ஒன்றையொன்று பின்னிக் கிடந்தன. துளையின் தகர விளிம்பு கம்பியின் உறையை அறுக்கத் தொடங்கியிருந்தது. இரண்டு இடங்களில் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை இளகி அவிழ்ந்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு பல்லி கருகிக் கிடந்தது.

கதவு விடாததன் காரணத்தை அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார். காந்தச் சுருளுக்கான மின்சாரம் துண்டிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அச்சுருளிலிருந்து உயர் அழுத்தம் ஒன்று எதிர்த் திசையில் பாய்கிறது. அதைத் தணிக்கப் பூட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு டயோடு வைக்க வேண்டும். சில வகைப் பூட்டுகளுக்குள் அது முன்பே இருக்கும், எங்களுடையதில் இல்லை, பொருத்தியவர்களும் வைக்கவில்லை. அதன் விலை ஒரு தேநீரின் விலைகூட இல்லை. அது இல்லாததால் பேனலிலுள்ள ரிலே திறக்கும்போதெல்லாம் பொறி பறந்து, நாளடைவில் அதன் முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. பலகை 'திற' என்று ஆணையிட்டது. பச்சை விளக்கும் அதை நம்பி எரிந்தது. மின்சாரம் மட்டும் காந்தத்திற்குப் பாய்ந்துகொண்டே இருந்தது. பொத்தானும் அதே பலகை வழியாக அதே ரிலேயிடம்தான் கேட்டது. மெயினை அணைத்தபோது பெட்டிக்குள்ளிருந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி பொறுப்பை ஏற்றுக்கொண்டது. அந்தப் பூட்டு அரை ஆம்பியர் மட்டுமே இழுப்பது. ஆகவே லுஹர் வரையிலும்கூட அது கதவைப் பிடித்திருக்கக்கூடும்.

இத்தனைக்கும் ஒவ்வொரு பொருளும் தன்னளவில் நல்ல பொருளே. பூட்டு தரமானது, பலகை தரமானது, பேட்டரி புதியது. அவற்றை இணைத்த கம்பிகளில்தான் யாருடைய பொறுப்பும் தென்படவில்லை.

இதைக் கேட்ட ஜமாஅத் பெரியவர் ஒருவர், "பழையபடி திண்டுக்கல் பூட்டே போதும்" என்றார். திண்டுக்கல் பூட்டின்மீது எனக்கும் மதிப்பு உண்டு. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது மகிழ்ந்தவன் நான். ஆனால் கதவின் வெளியே தொங்கும் பூட்டு உள்ளே இருப்பவர்களுக்கு இதனினும் கொடியது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையை நாம் மறந்துவிடக் கூடாது. நம் நெல்லை ஏர்வாடியன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. தர்காவை நாடி வந்த மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். கட்டி வைத்தவர்கள் அதற்கும் ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள்: ஓடிவிடுவார்கள், தொலைந்துவிடுவார்கள், பாதுகாப்புக்காகத்தான். அடுத்தது எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. 2017 செப்டம்பர் 14 அன்று ஃபஜ்ர் நேரத்தில் கோலாலம்பூரில் தாருல் குர்ஆன் இத்திஃபாகிய்யா என்னும் ஹிஃப்ளு மதரஸாவின் மேல்தளத்தில் தீ பரவியது. வெளியேறும் வழியைத் தீ அடைத்துக்கொண்டது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். 21 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர். முதலில் மின்கசிவு என்று ஐயுற்றார்கள். பிறர் வைத்த தீ என்று காவல்துறை பின்னர் தெரிவித்தது. தீ எப்படி வந்தது என்பது வேறு வழக்கு. வெளியேற வழி இருந்ததா என்பதே விடுதி நடத்துவோரிடம் கேட்கப்படும் கேள்வி. அந்தச் செய்தியை வாசித்த நாளில், எங்கள் வகுப்பில் முஸ்ஹஃபை விரித்தபடி அமர்ந்திருந்த பிள்ளைகளை என்னால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் வாதம் நீண்டது. "ஆற்றில் ஒரு பிள்ளை போனால் யார் பதில் சொல்வது?" என்று ஒருவர் கேட்டார். அது உண்மையான கேள்வி. நான் ஃபிக்ஹின் மொழியில் பேசினேன்: இரண்டு தீங்குகள் எதிர்ப்பட்டால் இலேசானதை ஏற்றுக் கடுமையானதைத் தவிர்க்க வேண்டும் என்பது நம் அறிஞர்களின் விதி, ஆனால் இரண்டையுமே தடுக்க வழி இருக்கும்போது அந்த விதிக்கு இடமே இல்லை. வழி இருக்கிறதா என்று மாணவரிடம் கேட்டேன். அவர் சொன்னது எளிமையாக இருந்தது. உள்ளிருந்து வெளியே செல்வதற்கு அட்டை வேண்டாம். கதவருகே எல்லோர் கைக்கும் எட்டும்படி ஒரு பொத்தான் போதும். அதை யார் அழுத்தினாலும் கதவு திறக்கட்டும். அதே கணத்தில் வார்டன் அறையில் ஒரு ஹூட்டர் அலறட்டும். ஆற்றுக்குச் செல்பவன் பிடிபடுவான். தீயிலிருந்து ஓடுபவன் தப்புவான்.

2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் இதையே சொல்கிறது: வெளியேறும் கதவு உள்ளிருப்பவருக்குச் சாவியின்றித் திறக்க வேண்டும். கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது.

பிறகு இரண்டு நாட்கள் அவர் அந்தப் பெட்டியை முழுவதுமாக அவிழ்த்துக் கட்டினார். நான் விடுமுறை வேளைகளில் அருகில் அமர்ந்து பார்த்தேன். அழகாக எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியைப் பார்ப்பது போன்ற நிறைவு அதில் இருந்தது. 230 வோல்ட் கம்பிக்குத் தனித் துளை, தனி எம்சிபி, மேலே மூடி; பெட்டியின் வலப்புறம் அதற்கு மட்டும். 12 வோல்ட் கம்பிகளும் வாசிப்பானின் கம்பிகளும் இடப்புறம். இரு வகையும் அருகருகே ஓடக் கூடாது. தவிர்க்க முடியாமல் குறுக்கிட்டால் செங்குத்தாகக் குறுக்கிட வேண்டும் என்றார். இல்லையென்றால் மின்கம்பியின் இரைச்சல் அட்டையின் எண்ணைக் குழப்பிவிடுமாம். துளைகள் ஒவ்வொன்றிலும் கிளாண்டு. கம்பிகள் ஓட பிவிசி சேனல். இழைக்கம்பியின் நுனிகள் ஒவ்வொன்றிலும் பின் லக் வைத்துக் கிரிம்ப் செய்தார். ஓர் இழை வெளியே நீண்டிருந்தாலும் பக்கத்து முனையைத் தொட்டுவிடும். முறுக்கிச் சுற்றிய டேப் ஒன்றுகூட எஞ்சவில்லை.

பூட்டுக்குச் செல்லும் கம்பியை அவர் மாற்றியபோது நான் காரணம் கேட்டேன். முன்பு பொருத்தியவர்கள் கணினி வலைக்கான கேபிளில் ஒரு ஜோடியைப் பூட்டுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். கதவு 30 மீட்டர் தொலைவு. போகவும் வரவும் 60 மீட்டர். அவ்வளவு மெல்லிய கம்பிக்கு ஏறத்தாழ 5 ஓம் தடை. அரை ஆம்பியர் ஓடினால் இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 12 வோல்ட் அனுப்பினால் ஒன்பதரைதான் சேர்கிறது, காந்தம் தளர்கிறது, கம்பி வீணாகச் சுடுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் இழப்பு அரை வோல்ட்தான். இக்கணக்கை எங்கள் மூத்த மாணவர்கள் கரும்பலகையில் போட்டுப் பார்த்தார்கள். ஜகாத் கணக்கைவிட ஆர்வமாகப் போட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர் மிகவும் வற்புறுத்தியது, பூட்டுக்குச் செல்லும் கம்பியைக் குறுக்கே அறுக்கும் சாதனங்கள் பலகையின் தயவில் இருக்கக் கூடாது என்பதை. வெளியேறும் பொத்தானும், கண்ணாடி உடைத்து அழுத்தும் அவசரப் பெட்டியும் பூட்டின் கம்பியிலேயே நேராக வரிசையில் நிற்கின்றன. பலகை செத்தாலும், ரிலே ஒட்டிக்கொண்டாலும், பேட்டரி உயிரோடிருந்தாலும் அவற்றில் ஒன்றை அழுத்தினால் காந்தத்திற்கு மின்சாரம் போகாது. பூட்டுக்குத் தனி ஃபியூஸ், முனைகளுக்குக் குறுக்கே அந்தச் சிறு டயோடு, பெட்டியின் உடலுக்கும் அதன் கதவுக்கும் பச்சை-மஞ்சள் எர்த் கம்பி, பேட்டரியின் முனைகளுக்கு உறை.

எல்லாம் முடிந்ததும் சிறு வளையங்களில் எண்களைக் கோத்தார். இத்தொழிலில் அவற்றை ஃபெரூல் என்கிறார்கள். கம்பியின் இரு நுனியிலும் ஒரே எண். ஓரளவு தளர்வும் விட்டார். பலகையை நாளை ஒருவர் கழற்ற வேண்டியிருந்தால் கம்பி எட்ட வேண்டுமே. "நான் திரும்பவும் வெளிநாடு போயிட்டா, வர்ற தம்பி யாராயிருந்தாலும் புரியணும் ஹஜ்ரத்" என்றார். ஒரு செயலைச் செய்பவர் அதைச் செம்மையாகச் செய்வதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்தில் பைஹகீயில் வரும் அறிவிப்பை நான் மிம்பரிலும் வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். செம்மை என்றால் மினுக்கு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் திறந்து பார்க்காத பெட்டிக்குள், முகம் தெரியாத அடுத்த பணியாளருக்காக எண் கோப்பதை நான் அதற்கு விளக்கமாக இனிச் சொல்வேன்.

பெட்டியின் இடத்தையும் மாற்றினோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நெல்லை, தூத்துக்குடி மக்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஊருக்குள் வந்தது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. முழங்கால் உயரத்தில் மாட்டிய மின்பெட்டிகளெல்லாம் சேற்றுநீர் குடித்தன. எங்கள் சுவரில் அந்த வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது. புதிய இடம் அந்தக் கறைக்கு நான்கு அடி மேலே. கம்பிகள் பெட்டிக்குக் கீழிருந்து நுழைகின்றன. மேலிருந்து நுழைந்தால் மழைநீர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கும். பயன்படாத துளைகளையெல்லாம் அடைத்தாயிற்று, பல்லிக்கும் எலிக்கும் வழியில்லாமல்.

எலி என்றதும் புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் வரும் அறிவிப்புகள் நினைவுக்கு வருகின்றன. மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு உள்ளிருந்தோருடன் எரிந்த செய்தி கேட்ட நபி (ஸல்) அவர்கள், உறங்கும் முன் நெருப்பை அணைத்துவிடுமாறு கட்டளையிட்டார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்று காரணத்தையும் விளக்கினார்கள். இரவில் கதவுகளை மூடுமாறும் அதே அறிவுரைகளின் வரிசையில் வருகிறது. கதவை மூடுவதும் நெருப்பைக் காப்பதும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டிருக்கின்றன. நாம் முதலாவதற்குப் பணம் செலவழிக்கிறோம். திரியின் இடத்தில் இன்று உறை கடிபட்ட கம்பி இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையை விடுதியில் சேர்க்கும்போது உணவையும் ஓதலையும் விசாரிக்கிறீர்கள். கதவையும் விசாரியுங்கள். உள்ளிருந்து அட்டையில்லாமல் திறக்குமா, மின்சாரம் போனால் என்ன ஆகும், பேட்டரி இருந்தால் அப்போது என்ன ஆகும், பேனலின் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நமக்குத் தொழில் தெரியாவிட்டாலும் கூளத்துக்கும் ஒழுங்குக்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். உட்புறத்தில் ஒரு வரைபடம் ஒட்டியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. எங்கள் பெட்டிக்கான வரைபடத்தை நல்ல கையெழுத்துள்ள மாணவர் ஒருவர் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். "5 – கதவுக் காந்தம், 6 – அவசரப் பெட்டி" என்று வரிசையாகப் போகிறது.

இப்போது மாதத்தின் முதல் வெள்ளியன்று, ஃபஜ்ருக்குப் பின், மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரி கதவைப் பிடித்திருக்கும் நிலையில் ஒரு மாணவரைப் பொத்தானை அழுத்தச் சொல்கிறோம். சென்ற மாதம் அழுத்தியவர் ஒன்பது வயதுப் பிள்ளை. கால் பெருவிரலில் எம்பி நின்று அழுத்தினார். ஆகவே பொத்தானை அரை அடி இறக்கி வைத்திருக்கிறோம். புகை உணரும் கருவியைப் பூட்டின் கம்பியுடன் இணைக்கும் வேலை இன்னும் பாக்கி. அதற்கான செலவுத் தொகையை நிர்வாகம் இந்த மாதம் ஒதுக்கியிருக்கிறது; அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் இன்ஷா அல்லாஹ் தொடங்குவோம்.